பிலிம் சுற்றுகிறதா?

காலை நிகழ்ச்சியை முடித்துக்கொண்டு நிலையத்தை விட்டு வெளியே வரும்போது, என் கைப்பேசியில் பெரும்பாலும் மாமாவின் செய்தி காத்திருக்கும். "இன்னிக்கு என்னம்மா பேசின?"

அம்மாவின் அண்ணன் அவர். வயது 77. செந்தூல் ரயில் பட்டறையில் 30 ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன்புவரை இப்படியொரு கேள்வியை அவர் கேட்க வேண்டியிருக்கவில்லை. காலை ஆறு மணிக்கு நான் ஒலிவாங்கியின் முன் உட்காரும்போதே அவர் வீட்டுச் சமையல்கட்டில் வானொலி பேசிக்கொண்டிருக்கும். எங்கே தடுமாறினேன், எந்தப் பாட்டுக்கு எந்த இசையமைப்பாளரை மாற்றிச் சொன்னேன் என்று காலண்டர் தாளின் பின்பக்கத்தில் குறித்துவைத்து, பத்து மணிக்கு அழைத்துச் சொல்வார். "ஏழே முக்காலுக்கு ஒரு ‘ழ’ வழுக்கி விழுந்துச்சு, பார்த்துக்கோ" என்பார். பட்டறை இரைச்சல் தின்று வைத்த காது, இப்போது மிச்சத்தையும் கைவிட்டுவிட்டது. செவிக்கருவி மாட்டிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தால் பேசுவது ஓரளவு புரிகிறது. வானொலியும் தொலைபேசியும் அவருக்கு இப்போது வெறும் கரகரப்பு.

அதனால் என் வேலையைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வது குறைந்துபோனது. அந்த இடத்தில் ஒரு கேமரா வந்து உட்கார்ந்தது.

தீபாவளிக்கு மறுநாள் போயிருந்தேன். அலமாரியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து வந்து என் மடியில் வைத்தார். முறுக்குதான் என்று நினைத்துத் திறந்தால், பழைய துண்டில் சுற்றிய ஒலிம்பஸ் 35 ஆர்சி. 1970இல் ஜப்பானில் வெளிவந்த மாடல். மாமா 1974இல் கூட வேலை பார்த்த ஒருவரிடமிருந்து, மூன்று மாதச் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்து வாங்கியது. அரைக் கிலோவுக்கும் குறைவான எடை. சட்டைப் பையில் நுழையாது, ஆனால் கைப்பையில் தொலைந்துபோகும் அளவுக்குச் சிறியது.

"எனக்குக் கண்ணும் சரியில்லை. அந்த மஞ்சள் கட்டம் இப்ப தெரிய மாட்டேங்குது. நீ வச்சுக்கோ" என்றார்.

மஞ்சள் கட்டம் என்ன என்று சொல்லிவிடுகிறேன். இது ரேஞ்ச்ஃபைண்டர் வகைக் கேமரா. நாம் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை, மேலே உள்ள தனிச் சன்னல் வழியாகப் பார்க்கிறோம். அதற்குச் சற்றுத் தள்ளி இன்னொரு குட்டிச் சன்னல். இரண்டிலிருந்தும் வரும் காட்சிகள் நடுவில் ஒரு சிறு மஞ்சள் கட்டத்துக்குள் ஒன்றின்மேல் ஒன்றாக விழும். எதிரில் இருப்பவருக்கு இரண்டு மூக்கு தெரிந்தால் தூரம் தவறு. லென்ஸ் வளையத்தைத் திருப்பத் திருப்ப ஒரு மூக்கு நகர்ந்து வந்து மற்றதோடு சேரும். சேர்ந்த இடத்தில் படம் கூர்மை. கட்டை விரலை முகத்துக்கு நேரே நீட்டி, ஒரு கண்ணை மூடி, பிறகு மறு கண்ணை மூடிப் பாருங்கள். விரல் இடம் மாறித் தெரியும். கிட்டே இருக்கும் பொருள் அதிகம் நகரும், தூரத்துப் பொருள் கொஞ்சம்தான் நகரும். அதே கணக்குதான். ஊடகப் படிப்பில் மூன்றாண்டு உட்கார்ந்திருந்தும் யாரும் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை. நாங்கள் படித்த காலத்தில் கல்லூரியின் இருட்டறை, உடைந்த நாற்காலிகள் அடுக்கும் அறையாக மாறியிருந்தது. மாமா ஒரு கட்டை விரலை வைத்துச் சொல்லிக் கொடுத்துவிட்டார்.

கூடவே இன்னொன்றும் சொன்னார். "பிலிம் போட்டதும், லீவரை இழுக்கும்போது இந்தப் பக்கம் இருக்கிற குமிழ் சுத்துதான்னு பாரு. ஒவ்வொரு தடவையும் பாரு." தலையாட்டினேன். பெரியவர்கள் ஒன்றை இரண்டு தடவை சொன்னால் நாம் எப்படித் தலையாட்டுவோமோ, அப்படி.

கேமராவைப் பழுது பார்க்க வேண்டியிருந்தது. நம் ஊர் ஈரக் காற்றில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிப்பது சாதாரணம். மாமா டின்னுக்குள் சிலிக்கா பொட்டலங்களைப் போட்டு, மாதம் ஒருமுறை வெயில் காட்டி, அதைக் காப்பாற்றியிருந்தார். ஆனால் பின்கதவின் ஓரத்தில் வெளிச்சம் புகாமல் இருக்க ஒட்டியிருக்கும் நுரைப்பட்டை, தொட்டால் தாரைப்போல் விரலில் ஒட்டியது. ஐம்பது ஆண்டு ஆன எந்தக் கேமராவிலும் இதே கதைதான். கோலாலம்பூரில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் சீனர் ஒருவர் இன்னும் இந்த வேலை செய்கிறார். பட்டையைச் சுரண்டி எடுத்துப் புதிது ஒட்டினார். ஷட்டரை நான்கைந்து முறை தட்டிப் பார்த்து, "மாசே போலே பாக்காய்" என்றார். அவ்வளவுதான் சான்றிதழ்.

அடுத்தது பாட்டரி. இது நான் எதிர்பாராதது. இந்தக் கேமராவின் ஒளிமானிக்கு அந்தக் காலத்தில் போட்டது 1.35 வோல்ட் பாதரச பாட்டரி. சுற்றுச்சூழல் காரணமாக அது இப்போது விற்பனையில் இல்லை. 1.5 வோல்ட் சாதாரண பொத்தான் பாட்டரியைப் போட்டால் ஒளிமானி தப்புக் கணக்குச் சொல்லும். இதற்கு ஏற்ற மாற்று, செவிக்கருவியில் போடும் 675 எண் துத்தநாகக் காற்று பாட்டரி. அது 1.4 வோல்ட். அளவு சிறியது என்பதால் சுற்றிலும் ஒரு ரப்பர் வளையம் போட வேண்டும். பழுது பார்ப்பவர் இதைச் சொன்னதும் மாமாவுக்குச் செய்தி அனுப்பினேன். அவர் தன் மேசை இழுப்பறையைப் படமெடுத்து அனுப்பினார். நீல ஒட்டுத்தாளுடன் 675 பாட்டரி அட்டைகள், ஒன்றல்ல, ஆறு. அன்று முதல் மாமாவின் காதும் கேமராவின் கண்ணும் ஒரே அட்டையிலிருந்து சாப்பிடுகின்றன.

பாட்டரி இல்லாவிட்டாலும் இந்தக் கேமரா வேலை செய்யும், அதையும் சொல்ல வேண்டும். ஷட்டர் முழுக்க இயந்திரம். வெளிச்சத்தை நாம் கணக்கிட்டுக்கொண்டால் போதும். 400 வேகப் பிலிம், நல்ல வெயில் என்றால் 1/500 நொடி, துளை 16. ஐந்தடிக் கடைப் பாதையின் நிழலுக்குள் வந்துவிட்டால் 1/250, துளை 5.6. இரண்டு வாரம் பழகினால் தெருவில் நடக்கும்போதே மனம் தானாக எண்களைச் சொல்லத் தொடங்கிவிடும். சாலை விளக்கு சிவப்பில் நிற்கும்போது எதிர்க்கடைத் தாத்தாவின் முகத்தில் துளை எத்தனை என்று யோசித்துக்கொண்டிருந்து, பின்னால் ஹாரன் வாங்கியதும் உண்டு.

பிலிம், இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ். 36 படம். ஒரு சுருள் வாங்கும் காசில் மூன்று பேர் வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டுவிடலாம், இதை நான் மறைக்கப்போவதில்லை. முதல் சுருளைப் பிரிக்ஃபீல்ட்ஸ் பூக்கடைகளில் எடுத்தேன். காலை எட்டு மணி. மல்லிகைச் சரங்கள் குவிந்திருந்தன, மாலை கட்டும் அண்ணன்கள் வாழைநாரைப் பல்லால் இழுத்துக்கொண்டிருந்தார்கள். செவ்வந்தியின் மஞ்சள் இல்லை, ரோஜாவின் சிவப்பு இல்லை. வந்த படங்களில் நான் கவனித்தது விரல்களைத்தான். எத்தனையோ தடவை அந்தக் கடைகளில் மாலை வாங்கியிருக்கிறேன், அந்த விரல்கள் இவ்வளவு கோணலாக இருந்தது கண்ணில் பட்டதே இல்லை. நிறம் எப்போதும் பூவின் பக்கம் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது.

முதல் சுருளே நன்றாக வந்ததில் எனக்குத் தலை கொஞ்சம் கனத்துவிட்டது. அப்போதுதான் அந்த யோசனை தோன்றியது.

எங்கள் குடும்ப ஆல்பங்களில் மாமா இல்லை. யோசித்துப் பாருங்கள், படம் எடுப்பவர் எப்போதும் படத்துக்கு வெளியேதான் இருப்பார். காதுகுத்து, சடங்கு, புதுமனை புகுவிழா, பினாங்குப் பயணம், எல்லாவற்றிலும் அத்தை இருக்கிறார், பிள்ளைகள் இருக்கிறார்கள், நாங்கள் இருக்கிறோம். போர்ட் டிக்சன் கடற்கரைப் படம் ஒன்றில் மணல்மேல் நீளமாக ஒரு நிழல் விழுந்திருக்கிறது, அதுதான் மாமா. மாமாவும் அத்தையும் சேர்ந்து உட்கார்ந்த ஒழுங்கான படம், அவர்கள் கல்யாணத்தன்று ஸ்டூடியோவில் எடுத்ததற்குப் பிறகு கிடையாது. கைப்பேசியில் கும்பலாக எடுத்தவை இருக்கின்றன. ஆனால் நம் வீடுகளில் அவை கடைசியில் எதற்குப் பயன்படுகின்றன என்று உங்களுக்குத் தெரியும். யாராவது போன பிறகு, பிறந்தநாள் கேக்குக்குப் பின்னால் நின்ற முகத்தை மட்டும் வெட்டியெடுத்து, பின்னணியை நீலமாக்கி, சட்டம் போட்டு மாட்டுகிறோம். என் தாத்தாவின் படத்தில் இன்றுவரை யாரோ ஒருவருடைய கை அவர் தோளில் கிடக்கிறது.

இதையெல்லாம் மாமாவிடம் சொல்லவில்லை. "உங்க கேமராவில் உங்களை எடுக்கணும்" என்று மட்டும் எழுதி அனுப்பினேன். "வேட்டியா, கால்சட்டையா?" என்று பதில் வந்தது.

பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு, மாலை நான்கு மணி. வீட்டு முன்வாசலில் மேற்கிலிருந்து வெளிச்சம் சாய்வாக விழும் நேரம். மாமா வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. அத்தை பட்டுச் சேலை. பின்னால் வெள்ளைச் சுவர். இங்கேதான் ஒளிமானியை அப்படியே நம்பக் கூடாது. எதைப் பார்த்தாலும் அது நடுத்தரச் சாம்பல் என்றே நினைத்துக் கணக்குச் சொல்லும். வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சுவரும் நிறைந்திருந்தால், ‘வெளிச்சம் அதிகம்’ என்று துளையைச் சுருக்கிவிடும். வேட்டி சாம்பலாகும், நம்மவர்கள் முகம் கரியாகும். அந்தக் காலத்து ஸ்டூடியோக்களில் முகத்தில் பவுடரை அப்பி உட்காரவைத்ததற்குக் காரணம், நம் நிறத்தில் ஏதோ குறை இருந்தது அல்ல. முகத்துக்குத் தேவையான வெளிச்சத்தைக் கொடுத்துவிட்டு வேட்டி கொஞ்சம் வெளுத்தால் வெளுக்கட்டும் என்று விட்டால் போதும். நான் கணக்குச் சொன்னதைவிட ஒன்றரைப் படி அதிகம் திறந்துவைத்தேன். மாமா எட்டிப் பார்த்துத் தலையசைத்தார்.

இந்தக் கேமராவின் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருக்கும் இதழ் வகை. சத்தமே வராது, ஒரு சின்ன ‘டிக்’. மாமாவுக்கு அதுவும் கேட்கவில்லை. ஒவ்வொரு படத்துக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருப்பார். நான் எடுத்து முடித்து அடுத்ததற்கு லீவர் இழுத்த பிறகும் அப்படியே இருப்பார். பிறகு, "ம், எடு" என்பார். அத்தை தொடையில் தட்டி, "எடுத்துட்டாங்க" என்பார். அப்போதுதான் தோளைத் தளர்த்திச் சிரிப்பார். அந்தத் தளர்ந்த சிரிப்பைத்தான் நான் எடுத்துக்கொண்டிருந்தேன். 36 படங்கள். ஒரு படத்தில் அத்தை அவர் காதருகே வாயை வைத்து என்னவோ சொல்ல, அவர் உரக்கச் சிரித்தார். இதுதான் படம் என்று எனக்கு அந்த நொடியே தெரிந்தது.

எண்காட்டி 36ஐத் தொட்டது. லீவர் நிற்கவில்லை. 37. 38. நல்ல சுருள், கொஞ்சம் கூடுதலாகப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். 40ஐத் தாண்டியபோது வயிற்றில் ஏதோ கனத்தது. பிலிமைத் திரும்பச் சுற்றும் குமிழை மெல்லத் திருப்பிப் பார்த்தேன். எந்தத் தடையும் இல்லாமல் இரண்டு சுற்று சுற்றி நின்றுவிட்டது.

பிலிமின் முனை உள்ளேயிருக்கும் உருளையில் மாட்டவே இல்லை. லீவர் இழுத்தது, பல் சக்கரம் சுழன்றது, எண்காட்டி எண்ணியது, ஷட்டர் ஒவ்வொரு முறையும் திறந்து மூடியது. பிலிம் மட்டும் தன் குப்பிக்குள்ளேயே பத்திரமாகத் தூங்கியது. 36 தடவையும் ஒரு வினாடி அந்தக் குமிழைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

உள்ளே அத்தை காப்பி போட்டுக்கொண்டிருந்தார். மாமா நாற்காலிகளை மடித்துக்கொண்டிருந்தார். "எப்ப வரும்?" என்று கேட்டார். இரண்டு விரலைக் காட்டி, "ரெண்டு வாரம்" என்றேன்.

வானொலியில் பத்தாண்டுகளாக நேரலையில் பேசுகிறேன். தப்பு நடந்தால் அந்த இடத்திலேயே மன்னிப்புக் கேட்டுவிட்டு அடுத்த பாட்டுக்குப் போகத் தெரியும். ஆனால் அன்று முடியவில்லை. அடுத்த இரண்டு வாரமும் "படம் வந்துச்சா?" என்று தினம் ஒரு செய்தி. "கடையில் ஆள் இல்லையாம் மாமா." "மருந்து வரணுமாம் மாமா." ஒரு நாள் "சீனப் புத்தாண்டு விடுமுறை மாமா" என்றுகூட எழுதினேன். அது அடுத்த வாரம்தான் என்று அவர் திருத்தி அனுப்பினார்.

மூன்றாவது ஞாயிறு நேரில் போனேன். அத்தை கோயிலுக்குப் போயிருந்தார். அவர் மேசையில் எழுதிக் காட்ட ஒரு குறிப்பேடு இருக்கும். அதில் எழுதினேன்: "மாமா, பிலிம் சுற்றவே இல்லை. ஒரு படமும் இல்லை. கடை மேல் சொன்னதெல்லாம் பொய்."

படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு கொஞ்ச நேரத்தில் இருமலாகி, கண்ணில் நீர் வந்து, நான் எழுந்து தண்ணீர் கொண்டுவந்தேன்.

"நாற்பது வருஷத்துக்கு முன்னால நானும் இதேதான் சொன்னேன். கடைக்காரன் மருந்தைக் கெடுத்துட்டான்னு."

வாசகர்களே, இங்கே நான் ஒன்றைச் சொல்ல வேண்டும். என் அம்மாவின் கல்யாணம் 1984இல் செந்தூலில் ஒரு கோயில் மண்டபத்தில் நடந்தது. ஸ்டூடியோக்காரரை அமர்த்தப் பணம் இல்லை. படம் எடுத்தது மாமா, இதே கேமராவில். அந்த ஆல்பத்தை நாங்கள் பிள்ளைகள் நூறு தடவையாவது புரட்டியிருப்போம். மாப்பிள்ளை அழைப்பு இருக்கும். அம்மா முகூர்த்தப் புடவையில் தலைகுனிந்து வருவது இருக்கும். அடுத்த பக்கம் பந்தி. தாலி கட்டியது, மாலை மாற்றியது, அப்பா அம்மாவின் கையைப் பிடித்து மணவறையைச் சுற்றி வந்தது, ஒன்றுகூட இல்லை. யார் ஆல்பத்தைப் பார்த்தாலும் அம்மா அந்த இடத்தில் நிறுத்திச் சொல்வார்: "அண்ணன் நல்லாத்தான் எடுத்தாரு. கழுவக் குடுத்த கடையில மருந்தைக் கெடுத்துட்டானுங்க." அந்தக் கடையின் வாசலை அம்மா அதற்குப் பிறகு மிதிக்கவே இல்லை. எங்கள் பள்ளிக்கூடப் பாஸ்போர்ட் படங்களுக்குக்கூட இரண்டு பேருந்து மாறி வேறு கடைக்குத்தான் அழைத்துப் போனார். இப்போது அந்தக் கடையும் இல்லை. அந்த இடத்தில் கைப்பேசி உறை விற்கிறார்கள்.

நடந்தது இதுதான். முதல் சுருள் முடிந்தபோது ஐயர் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். மாமா மணவறைக்குப் பக்கத்தில் குனிந்து நின்று, வியர்த்த கையால் இரண்டாவது சுருளைப் போட்டார். கெட்டிமேளம் கொட்டியது. தங்கைக்குத் தாலி ஏறுகிறது, கண் கலங்குகிறது, குமிழை யார் பார்ப்பார்கள்? தாலியையும் மாலையையும் எடுத்து முடித்து, பந்தி தொடங்கும் முன் சந்தேகம் வந்து கழிப்பறைக்குள் போய்க் குமிழைத் திருப்பிப் பார்த்திருக்கிறார். தடையே இல்லை. அங்கேயே சுருளைச் சரியாக மாட்டிக்கொண்டு வந்து பந்தியை எடுத்தார். அன்று இரவு அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. ஒரு வாரம் கழித்துக் கடையின் மேல் பழி போட்டார்.

"அந்தக் கடைக்காரர் நல்ல மனுஷன். தெருவில பார்த்தா நானே தலையைக் குனிஞ்சுக்குவேன்" என்றார் மாமா. இந்தத் தடவை சிரிக்கவில்லை.

அன்றைக்கே புதுச் சுருள் போட்டோம். நான் முனையை உருளையில் செருகி, கதவை மூடி, லீவரை இழுத்தேன். மாமா தன் ஆள்காட்டி விரலை அந்தக் குமிழின்மேல் மெல்ல வைத்திருந்தார். கண்ணுக்கு அவ்வளவு தெளிவில்லை, காதுக்குச் சத்தமில்லை. விரலுக்கு அடியில் அது நகர்ந்ததும், "சுத்துது" என்றார். அத்தை கோயிலிலிருந்து வந்ததும் மறுபடி நாற்காலிகளைப் போட்டோம். 36 படத்துக்கும் மாமா எழுந்து வந்து விரலை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் போய் உட்கார்ந்தார். இதனால் பிடித்து வைத்த முகபாவம் ஒன்றும் தேறவில்லை என்பது வேறு விஷயம்.

இந்தச் சுருளைக் கடைக்குக் கொடுக்காமல் வீட்டிலேயே கழுவினேன். கடை மேல் பழி போட வழியே இருக்கக் கூடாது என்றுதான். குளியலறையில் செய்கிற வேலை இது, பயப்பட ஒன்றும் இல்லை. நம் ஊருக்கென்று இரண்டு தொல்லைகள் மட்டும் உண்டு. கறுப்புத் துணிப் பைக்குள் கையை விட்டு, இருட்டில் தடவித் தடவிப் பிலிமை உருளையில் ஏற்ற வேண்டும். ஐந்தாவது நிமிடம் பைக்குள் கை வியர்த்து, பிலிம் பாதியில் ஒட்டிக்கொள்ளும். குளிர்சாதனத்தைப் போட்டு அறையைக் குளிரவைத்த பிறகு செய்யுங்கள். இரண்டாவது, தண்ணீர். உருத்துலக்கும் திரவத்துக்கு 20 பாகை வேண்டும். நம் குழாய்த் தண்ணீர் அதைவிட ஏழெட்டுப் பாகையாவது சூடு. ஒரு பேசினில் ஐஸ் கட்டிகளைக் கொட்டி, குடுவைகளை அதில் நிறுத்தி, வெப்பமானியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஐடி-11 திரவத்தில் 20 பாகையில் ஏழரை நிமிடம். ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் பத்து வினாடி டப்பாவைக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். ஏழரை நிமிடம் என்பது எனக்கு ஒரு பாட்டு, ஒரு விளம்பர இடைவேளை, கொஞ்சம் பேச்சு; கடிகாரமே தேவைப்படவில்லை. பிறகு நிறுத்தும் திரவம், நிலைநிறுத்தும் திரவம், நிறையத் தண்ணீர்.

டப்பாவைத் திறந்து ஈரப் பிலிமை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். நெகட்டிவில் கறுப்பு வேட்டி, வெளுத்த தலைமுடிக்குப் பதில் கரிய முடி. மாமா முப்பது வயதுக்காரர்போல் இருந்தார். துணிக் கவ்வியில் மாட்டித் தொங்கவிட்டு, அது காயும்வரை யாரையும் குளிக்க விடவில்லை.

படங்கள் வந்தன. மாமாவுக்குப் பிடித்தது ஒன்று, எனக்குப் பிடித்தது வேறொன்று. முதல் தடவை தொலைந்த அந்தச் சிரிப்பு இவற்றில் இல்லை. அது இனி எங்கும் இல்லை. ஆனால் அவர் அத்தையின் பக்கம் திரும்பி, என்ன சொல்கிறாள் என்று உதட்டைப் பார்த்துப் படிக்க முயலும் படம் ஒன்று இருக்கிறது. அதை எட்டுக்குப் பத்து அளவில் அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மாமா நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை வாங்கிப் பார்த்தார். பார்த்ததும் முகம் மாறியது.

"என்னம்மா இது, என் நெத்தியில பொட்டே இல்லாம எடுத்திருக்கே?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எச்பி என்ற எழுத்துகளில் ‘பி’ என்பது பேன்குரோமேட்டிக்; எல்லா நிறங்களையும் உணரும் பிலிம் என்று பொருள். சிவப்பையும் அது நன்றாகவே உணரும், ஒரு நடுத்தரச் சாம்பலாக. அத்தையின் மாநிறமும் அதே சாம்பல். அகலமாக வைத்த குங்குமப் பொட்டு தோலோடு கலந்து காணாமல் போயிருந்தது. மாமா பக்கத்தில் குத்துக்கல்லாக உட்கார்ந்திருக்க, அத்தை பொட்டில்லாமல். எத்தனை அறிவியல் சொல்லியும் பயனில்லை. "இதை மாட்டக் கூடாது" என்று திருப்பிப் பிடித்து என் கையில் கொடுத்துவிட்டார். அந்தக் காலத்து ஸ்டூடியோக்காரர்கள் நெகட்டிவில் கைவேலை செய்து பொட்டைத் திருத்துவார்கள் என்று மாமா சொன்னார். "கணினியில் கறுப்பாக்கித் தருகிறேன் அத்தை" என்றேன். "வரைஞ்ச பொட்டு எனக்கு வேணாம்" என்றார். நியாயம்தான்.

ஆகவே மூன்றாவது சுருள். இன்று மாலை நான்கு மணி, அதே முன்வாசல். அத்தை கறுப்பு ஸ்டிக்கர் பொட்டு வாங்கி வைத்துவிட்டார்.

அம்மா, நீங்கள் ஞாயிறு காலையில் காப்பியோடு இந்தப் பக்கத்தைத்தான் முதலில் பிரிப்பீர்கள் என்று மாமாவுக்குத் தெரியும். "எனக்கு வாய் வரலை, நீ எழுதிடு" என்று அவர்தான் சொன்னார். குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருக்கிறார், வைத்திருக்கிறேன். இப்போதே அவரைத் தொலைபேசியில் அழைத்துத் திட்ட வேண்டாம், கேட்காது. நேரில் வாருங்கள், செவிக்கருவிக்குப் புதுப் பாட்டரி போட்டு வைக்கிறேன். 40 வருஷக் கோபத்தை மூன்றரை மணிக்குத் தொடங்கினால், நான்கு மணி வெளிச்சத்துக்கு முடித்துவிடலாம். அப்பாவையும் அழைத்துக்கொண்டு, அந்த முகூர்த்தப் புடவை இன்னும் பெட்டியில் இருந்தால் அதையே கட்டிக்கொண்டு வாருங்கள். பிலிமை நேற்றே போட்டுவிட்டேன். குமிழ் சுற்றுகிறது, மாமா விரல் வைத்துப் பார்த்துவிட்டார்.

கறுப்புப் பொட்டு வைத்துக்கொள்ள மறக்காதீர்கள்.